மேலே வந்த நீரைக் கீழே விடுவானேன்?

ஐப்பசி தோறும் பொன்மலைக் கூரைகளின்மேல் மழை விழுகிறது. குழாய் வழியே இறங்கித் தரைக்குள் மறைகிறது. பத்தடி உயரத்தில் கூலியின்றிக் கிடைத்த ஜலத்தைப் பாதாளத்துக்கு அனுப்பிவிட்டு, மறுவாரமே ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து மின்சாரச் செலவில் மேலே ஏற்றுகிறோம். இதனைச் சிக்கனமென்று எந்தக் கணக்கன் ஒப்புவான்?

2003-ஆம் ஆண்டில் தமிழக சர்க்கார் பிறப்பித்த அவசரச் சட்டம் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கிற்று. அது நல்ல சட்டமென்பதே நமது அபிப்பிராயம். சென்னையில் கிணறுகளின் நீர்மட்டம் அதன்பின் உயர்ந்ததை யாவரும் அறிவர். ஆயினும் ஜனங்களிற் பெரும்பாலோர் அதற்குக் கீழ்ப்படிந்த விதம் ஒரு குழாயும் ஒரு குழியும் என்பதோடு நின்றுவிட்டது. நிலத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டியதே. ஆனால் முதற்பங்கு வீட்டுக்கு என்பதே நமது கட்சி. செட்டிநாட்டார் முற்றத்து ஓட்டிலிருந்து விழும் நீரை அண்டாக்களில் பிடித்தனர். ஆறில்லாத பெர்முடாத் தீவிலோ வீட்டுக் கூரையே ஏரி. அங்கும் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

திருச்சிராப்பள்ளியில் ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழை பெய்கிறது. 1,000 சதுர அடிக் கூரையில் அது 74,000 லிட்டர். சேதாரம் ஐந்தில் ஒன்று போக ஏறத்தாழ 60,000 லிட்டர் கைக்கு வரும்.

இனி அமைப்பு. தொட்டியின் வாய் கூரை விளிம்புக்குத் தாழ்ந்தும், அதன் அடி வீட்டுக் குழாய்க்கு உயர்ந்தும் இருக்க வேண்டும். விஷயம் முழுவதும் இதிலேயே அடங்கியது. கூரை பத்தடியில், தொட்டியின் வாய் ஒன்பதடியில், அடி ஐந்தடியில், குழாய் மூன்றடியில் எனக் கொண்டால் மோட்டார் வேண்டுவதில்லை. 2,000 லிட்டர் நீர் இரண்டு டன் பாரம். ஆகையால் பீடத்தைக் கெட்டியான அஸ்திவாரத்தின்மேல் எழுப்புக. இத்தொட்டி ஓர் அங்குல மழையில் ஏறக்குறைய நிரம்பிவிடும். கூரையின் அழுக்கைச் சுமந்துவரும் முதல் 100 லிட்டரைத் தனிக்குழாயில் தள்ளிவிட வேண்டும். வெளிச்சம் புகாத மூடியும் கொசுவலையும் அவசியம். மிகுந்து வழிவது, நீர் வரும் குழாயினளவே அகன்ற குழாய் வழியே அந்தப் பழைய குழிக்கே போகட்டும், சட்டமும் திருப்தியடையும்.

அழுத்தம் குறைவென்று ஆட்சேபிப்பார் உளர். உண்மைதான், பூத்தூவல்போல் விழும் குளியற்குழாய் இதில் இயங்காது. அரையங்குலக் குழாயை விட்டு ஓரங்குலக் குழாய் போட்டால் வாளி நிரம்பும். பாத்திரமும் துணியும் துலங்கும். குடிப்பதற்குக் காய்ச்சிக்கொள்ளலாம். கோடை வரை நிற்குமோ எனில், நில்லாது. நாளொன்றுக்கு 200 லிட்டர் செலவிடும் குடும்பத்துக்குப் பத்து நாள் வரும். அதற்குள் அடுத்த மழை வந்தால் மோட்டார் அத்தனை நாளும் உறங்கும்.

பொன்மலைக்கு இது புதுமையா? நாகப்பட்டினத்திலிருந்த இரயில்வே பட்டறை 1928-இல் இங்கு வந்தது. நீராவி எஞ்சின்களின் காலத்தில் நிலையங்களில் உயர்ந்த தொட்டி நின்றது. திருகைத் திறந்தால் ஜலம் தன் பாரத்தாலேயே எஞ்சினுக்குப் பாய்ந்தது. ரசமட்டம் பிடித்துப் பழகிய கைகள் இவ்வூரில் இன்றும் குறைவில்லை.

மாநகராட்சி வீட்டு வரைபடத்துக்கு அனுமதி அளிக்கையில், குழியோடு பீடத்தையும் தொட்டியையும் வரைந்துகாட்டச் சொல்லட்டும். பழைய வீட்டுக்காரர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. இறங்கும் குழாயை ஒன்பதடிக்குச் சற்று மேலே அறுத்து, தொட்டிப் பக்கமாக வாட்டம் கொடுத்துத் திருப்பும் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடலாம்.