மௌனம் சம்மதமாகுமா?

துவக்குடன் ஒருவர் எமது படலையைத் திறந்து வளவுக்குள் வருவதாயின், முதலில் அவர் எம்மிடம் கேட்க வேண்டுமா? அல்லது நாம் தடுக்காதவரை வரலாமா? ஐக்கிய அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம்வரை சென்ற கேள்வி இது.

தற்காப்புக்காகப் பொது இடங்களில் துவக்குக் கொண்டுசெல்லும் உரிமை மக்களுக்கு உண்டென 2022இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு ஹவாய் மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது. பிறரது காணிக்கோ கடைக்கோ துவக்குடன் செல்பவர் உரிமையாளரின் வெளிப்படையான அனுமதியைப் பெறவேண்டும் என்றது அச்சட்டம். டெக்சாசில் முறை வேறு. அனுமதிப்பத்திரத்துடன் துவக்கை மறைத்துக் கொண்டுவருபவரைத் தடுக்க விரும்பும் உரிமையாளரே அதை அறிவிக்க வேண்டும். பலகை நாட்டினால் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் குறைந்தது ஓர் அங்குல உயர எழுத்தில் எழுத வேண்டும்.

ஹவாய்ச் சட்டத்துக்கு எதிரான வழக்கை உச்ச நீதிமன்றம் 2025இல் விசாரணைக்கு ஏற்றது. வாசலுக்கு வாசல் கேட்டு நிற்பதாயின் உரிமை பெயரளவில்தான் என்பது எதிர்த்தோரின் வாதம். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. எனினும், உரிமையாளர் கூடாதென்றால் கூடாது என்பதை இரு தரப்பாரும் ஏற்கின்றனர். அவர் பேசாதிருந்தால் என்ன என்பதே பிரச்சினை.

பலகை நாட்டுவதற்குக் காணியில் ஆள் இருக்க வேண்டும். இடம்பெயர்ந்த எமக்கு இது நன்கு தெரியும். ஆள் இருந்தாலும், துவக்குடன் நிற்பவரை "வெளியே போங்கள்" என்பது எளிதல்ல, வருபவர் "வரலாமா?" என்று கேட்பதோ எளிது. ஆகவே கேட்கும் கடமை துவக்கை வைத்திருப்பவருக்கே உரியது என்பது எமது கருத்து. காணிக்காரரின் மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்ளும் சட்டம் நீதியானதல்ல.