பட்டணத்துக் கழிவுநீரும் ஏரிப் பாசனமும்

நீர் அருகிய தேசங்களில் ஒருமுறை பயன்பட்ட நீரை வீணே கழியவிடுவதில்லை. வறண்ட நமீபியா நாட்டின் தலைநகராகிய விண்டூக்கில், 1968-ஆம் ஆண்டிலேயே கழிவுநீரைச் சுத்திசெய்து குடிநீருடன் சேர்க்கத் தொடங்கினர். இஸ்ரேலில் அத்தகைய நீரின் பெரும்பகுதி வயல்களுக்கே பாய்கின்றது. பருவமழை பெறும் தமிழ்நாட்டுக்கு இவ்வேற்பாடு எதற்கென்று சிலர் வினவக்கூடும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறக்குறைய வறண்டு, சென்னை நகரம் தவித்த தவிப்பே அதற்குப் போதிய விடையாகும்.

அவ்வாண்டிலேயே கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும், நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் நீரை மூன்றாங்கட்டமாகச் சுத்திசெய்யும் நிலையங்கள் தொடங்கப்பெற்றன. கோயம்பேட்டு நீர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களின் ஆலைகளுக்கென ஏற்பட்டது. ஆலைகள் இந்நீரைக் கொள்ளுமளவுக்கு ஏரிநீரும் கிணற்றுநீரும் குடிகளுக்கும் பயிருக்கும் மிஞ்சுமாதலால், இவ்வேற்பாடு குடியானவர்களுக்கும் நன்மையே.

இனி, கோயம்பேட்டுக்கு மேற்கே அம்பத்தூரை அடுத்துள்ள அயனம்பாக்கம் போன்ற ஏரியூர்களின் நிலைமை ஆராயத்தக்கது. வீடுகள் பெருகிய இத்தகைய ஊர்களில், சாக்கடை நீரை ஏரியிலும் வரத்துக்காலிலும் விடுவதைத் தடுக்காவிடில், கழிவுநீர்ப் பாசனம் ஒரு விதியுமின்றித் தானே நடந்துவிடும். அதனினும் கொடிது பிறிதில்லை. விதியுடன் கூடிய உபயோகத்தை எதிர்ப்போர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

அண்டைப் பிரதேசமாகிய கோலாரில், 2018 முதல் பெங்களூரின் கழிவுநீர் இரண்டு கட்டங்கள் சுத்திசெய்யப்பட்டு ஏரிகளில் விடப்படுகின்றது. நிலத்தடி நீரை உயர்த்துவதே அதன் நோக்கம். ஆயினும் மூன்றாங்கட்டச் சுத்தி வேண்டுமென்ற வாதம் அங்கு எழுந்தது. அது நியாயமான வாதமே. ஏரியை அடுத்த கிணறுகளில் மக்கள் குடிக்க நீர் இறைக்கும் ஊர்களில், மூன்றாங்கட்டம் முடியாத நீரை ஏரிக்குள் விட ஒருபோதும் இசைதல் கூடாது.

இரண்டாங்கட்ட நீரைத் தனிக் கால்வழியே தீவனப்புல்லுக்கும் மரப்பயிருக்கும் பாய்ச்சலாம். கீரை, வெள்ளரி முதலிய பச்சையாக உண்பனவற்றுக்கு ஆகாது. அத்தகைய பயிர்களுக்குரிய நீரில் லிட்டருக்கு ஒரு புழுமுட்டைக்கு மேல் இருத்தலாகாதென உலக சுகாதார நிறுவனம் 1989-இலேயே வரையறுத்தது. உப்பும் சோடியமும் மிகுந்தால் களிமண் இறுகி வடிகால் கெடுமாதலால், ஆண்டுதோறும் மண்ணையும் சோதித்தறிதல் அவசியம்.

இந்நீரில் உரச்சத்தும் உண்டு. லிட்டருக்கு 20 மில்லிகிராம் தழைச்சத்துள்ள நீரை ஓர் ஏக்கரில் 50 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சினால், ஏறத்தாழ 40 கிலோகிராம் தழைச்சத்து நிலத்தில் சேரும். அதனைக் கணக்கில் கொள்ளாமல் வழக்கம்போல் யூரியா இடுவோரின் நெற்பயிர் தழைத்துச் சாயும், செலவும் வீணாகும்.

ஆகவே நீர் வருமுன் விதி வரல் வேண்டும். நீரின் தரம், பாயும் சர்வே எண், பயிர் ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடொன்று கிராம நிர்வாக அலுவலர் வசமிருத்தலும், சோதனை முடிவுகள் ஊரார் காண ஒட்டப்படுதலும் உசிதம். நிலச்சுவான்தார்கள் நீரைக் கேட்கும்போதே சோதனைச் சீட்டையும் கேட்பாராயின், ஏரியும் பிழைக்கும், பயிரும் பிழைக்கும்.