தட்டு பறந்த பிறகு

சாப்பாட்டுப் படங்களுக்கு இப்போது பஞ்சமே இல்லை. தலைவாழை இலை, நெய் மிதக்கும் பொங்கல், ஆவி பறக்கும் இட்லி. எல்லாம் பரிமாறிய நொடியில் எடுத்தவை. அடுத்த நொடி "இதுக்குப் பேர் குழம்பா?" என்று தட்டு பறந்தால் அதை யாரும் படம் எடுப்பதில்லை. அடுத்த இதழின் நடுப்பக்கங்களை அந்தப் படங்களுக்கு ஒதுக்குகிறோம்.

குடும்ப வன்முறையைக் காட்ட அடிபட்ட முகங்களின் படங்கள் நிறைய வந்துவிட்டன. பார்ப்பவர் 'ஐயோ பாவம்' என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார். அடையாளம் தெரிந்துபோன பெண் அதே தெருவில்தான் நடமாட வேண்டும். சுவரில் வழிந்த சாம்பாரும், விளிம்பு நெளிந்த எவர்சில்வர் தட்டும், மறுநாள் காலை அடுப்பு மேடைக்கடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் சோற்றுப் பருக்கையும் யாரையும் காட்டிக்கொடுக்காது. யார் எறிந்தது, யார் குனிந்து துடைத்தது என்று பார்ப்பவர் கேட்காமல் இருக்கவும் முடியாது.

பெண்ணின் கோபமும் சமையலறையில்தான் கிடக்கிறது. 1975இல் அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ரோஸ்லர் எடுத்த ஆறு நிமிட வீடியோவில் சமைக்க எதுவுமே இல்லை. சமையலறைச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். கத்தி குத்துகிறது, கரண்டி, இல்லாத சூப்பை வீசி எறிகிறது. 2021இல் ஜியோ பேபியின் மலையாளப் படம் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்', ஆண்கள் மென்று மேசையில் துப்பிவிட்டுப் போன முருங்கைச் சக்கையை அருகில் போய்க் காட்டியது. அந்த வீட்டில் ஒருவரும் கை ஓங்கவில்லை. அந்தச் சக்கையே போதுமானதாக இருந்தது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, மனைவியை அடிக்க ஏழு காரணங்களைச் சொல்லி, எது நியாயம் என்று கேட்டது. சரியாகச் சமைக்காதது அவற்றில் ஒன்று. ஏழில் ஒன்றையாவது நியாயம் என்றவர்கள் பெண்களில் 45 சதவீதம், ஆண்களில் 44. நம் அம்மாக்களும் அண்ணன்களும் அதற்குள் இருக்கிறார்கள். அதனால்தான் சாப்பாட்டைப் படம் எடுக்கச் சொல்கிறோம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வசவையும் அவமானத்தையும் வன்முறை என்றே சொல்கிறது. வீடுகள் இன்னும் அதைச் 'சாப்பாட்டுச் சண்டை' என்று மூடிவைக்கின்றன.

அனுப்புகிறவர்களுக்கு: முகம் வேண்டாம், பெயர் வேண்டாம். உங்கள் கைப்பேசியை வேறு யாராவது திறந்து பார்ப்பார்கள் என்றால் படம் எடுக்கவே வேண்டாம். என்ன சமைத்தீர்கள், எங்கே விழுந்தது என்று இரண்டு வரி எழுதினால் போதும், அதையும் அச்சிடுவோம். உடனே உதவி தேவைப்பட்டால் எங்களுக்கு எழுதிக் காத்திருக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள்.