அடைப்பு இல்லை என்றால் நோய் இல்லையா?

பாகூர் ஏரியைப் பார்த்திருக்கிறீர்களா? தென்பெண்ணையாற்று நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இந்த ஏரிக்கு வருகிறது. ஏரியிலிருந்து மதகு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று பிரிந்து, கடைசியில் ஒரு முழ அகலமுள்ள சிறு வாய்க்காலாக வயலுக்குள் நுழைகிறது. ஏரி நிரம்பியிருக்கிறது, பெரிய வாய்க்காலில் அடைப்பு ஏதும் இல்லை, ஆனாலும் ஒரு வயல் மட்டும் வாடுகிறது. விவசாயி என்ன செய்வார்? பெரிய வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிட மாட்டார். மண்வெட்டியுடன் சிறு வாய்க்காலைத் தேடிப் போவார்.

இருதய நோய் விஷயத்தில் நாம் இந்த விவசாயியைப் போல நடந்துகொள்வதில்லை என்பது என் கருத்து.

இருதயம் ஒரு தசை. உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைச் செலுத்தும் அந்தத் தசைக்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவருபவை கரோனரி தமனிகள். 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டு நகரில் மேசன் சோன்ஸ் என்ற டாக்டர் ஒரு நோயாளியைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, மெல்லிய குழாய் தற்செயலாக ஒரு கரோனரி தமனிக்குள் நழுவிவிட்டது. அதன் வழியே பாய்ந்த மருந்து எக்ஸ்ரே படத்தில் தமனியைத் துலக்கமாகக் காட்டியது. கரோனரி ஆஞ்சியோகிராம் பிறந்த கதை இதுதான்.

ஆனால் அந்தப் படத்தில் தெரிபவை பெரிய தமனிகளே. அரை மில்லிமீட்டருக்கும் குறுகிய குழாய்கள் அதில் தெரியா. தசைக்கு எவ்வளவு இரத்தம் போகவேண்டும் என்பதை முடிவு செய்பவை பெரும்பாலும் அந்த நுண்குழாய்கள்தாம். நாம் ஓடும்போதும் சுமை தூக்கும்போதும் அவை விரிந்து இரத்த ஓட்டத்தை மூன்று நான்கு மடங்கு உயர்த்துகின்றன. அவை விரிய மறுத்தாலோ திடீரென்று சுருங்கினாலோ தசை இரத்தத்துக்கு ஏங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது. படமோ சுத்தமாக இருக்கிறது! 1973-இல் ஹார்வி கெம்ப் என்ற டாக்டர் இந்தப் புதிருக்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயர் சூட்டினார். 1988-இல்தான் கேனன், எப்ஸ்டைன் என்ற இருவர் 'நுண்குழாய் நெஞ்சுவலி' என்று காரணத்தையே பெயராக வைத்தார்கள்.

இது அபூர்வமான நோய் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 4 லட்சம் பேரின் ஆஞ்சியோகிராம்களை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். குறிப்பிடத்தக்க அடைப்பு இருந்தது 100-க்கு 38 பேரிடம்தான். மற்றவர்கள் எல்லோருக்கும் நுண்குழாய்க் கோளாறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்தான் இந்த நோயாளிகள் ஒளிந்திருக்கிறார்கள்.

பாகூர்ப் பக்கம் நாற்று நடும் ஐம்பது வயது அம்மாள் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேடேறினால் நெஞ்சு இறுக்குகிறது. நகரத்துக்குப் போய்ப் படம் எடுக்கிறார். "அடைப்பு இல்லை, வாயுவாக இருக்கும்" என்கிறார்கள். வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். வலி மட்டும் தொடர்கிறது. ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு கழித்து அவர் என்ன ஆனார் என்று யார் கேட்கிறார்கள்?

கேட்டுப் பார்த்தவர்களும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. 1986-இல் அதே கெம்ப் குழுவினர், தமனிகள் சுத்தமாக இருந்தவர்களில் 100-க்கு 96 பேர் ஏழாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருந்ததாக எழுதினார்கள். எல்லோரும் ஆறுதல் அடைந்தார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இருதயத்தில் கோளாறே இல்லாதவர்களும் நுண்குழாய்க் கோளாறு உள்ளவர்களும் கலந்திருந்திருப்பார்கள் அல்லவா? பிறகு 1996-இல் அமெரிக்காவில் 'வைஸ்' என்ற ஆய்வு, நெஞ்சுவலியுள்ள பெண்களை மட்டும் பின்தொடரத் தொடங்கியது. தமனிகள் சுத்தமாகத் தெரிந்த பெண்களிலும் பத்தாண்டுகளில் 100-க்கு ஏறக்குறைய 7 பேருக்கு மாரடைப்பு அல்லது இருதய நோயால் மரணம் நேர்ந்தது. அடைப்பு என்று சொல்ல முடியாத சிறு படிவு இருந்தவர்களில் அது 13. 2021-இல் ஏழு நாடுகளைச் சேர்ந்த 686 நுண்குழாய் நோயாளிகளின் கணக்கு வெளிவந்தது. நல்ல முயற்சிதான். ஆனால் ஐந்தில் மூவர் வெள்ளையர். பின்தொடர்ந்த காலமும் ஓராண்டைச் சற்றே தாண்டியது. நம் ஊர் நோயாளிக்கு அதைக் கொண்டு என்ன சொல்வது?

நம் ஊரில் இந்தக் கேள்வி இன்னும் அவசரமானது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வின்படி புதுச்சேரியில் வயது வந்தவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தியா முழுவதற்கும் அது 11.4 சதவீதமே. நீரிழிவு நுண்குழாய்களின் பகைவன். கண்ணிலும் சிறுநீரகத்திலும் அது செய்யும் நாசத்தை நாம் அறிவோம். இருதயத்தை மட்டும் விட்டுவைக்குமா?

ஆகவே வில்லியனூர், பாகூர் கம்யூன்களில், படம் எடுத்து அடைப்பு இல்லை என்று அனுப்பப்பட்டவர்களை, அவர்கள் சம்மதத்துடன், ஒரு பேரேட்டில் பதிந்து ஆண்டுக்கு ஒருமுறை வீடு தேடிச் சென்று பார்க்க வேண்டும் என்கிறேன். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். வில்லியனூர்ப் பக்கம் இராமநாதபுரத்தில் ஜிப்மரின் கிராமிய சுகாதார நிலையம் இருக்கிறது. ஊர்ச் செவிலியர்களுக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். உயிரோடு இருக்கிறாரா என்று மட்டும் கேட்டால் போதாது. வலியால் எத்தனை நாள் கூலி போயிற்று? எத்தனை முறை மருத்துவமனைக்கு ஓடினார்? இவையும் நோயின் விளைவுகளே. "எல்லோரையும் வீணாகப் பயமுறுத்துவதாகாதா?" என்று சிலர் கேட்பார்கள். பெயர் தெரியாத வலியைவிடவா பெயர் தெரிந்த வலி பயமுறுத்தும்?

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. புதுச்சேரி மண் ஒரே துண்டாக இல்லை. இடையிடையே தமிழ்நாட்டு ஊர்கள். பாகூரில் பதிந்தவர் மகன் வீட்டோடு கடலூருக்குப் போய்விட்டால் மாநிலமே மாறிவிடும். நூறு பேரில் இருபது பேர் காணாமல் போனால், மிச்சமுள்ள எண்பது பேரை வைத்து எல்லோரும் நலம் என்று எழுதிவிடலாம். அந்த இருபதில்தான் மோசமானவர்கள் இருந்தார்கள் என்றால்?

முடியாத காரியம் என்பவர்களுக்கு வேலூரைக் காட்டுவேன். 1969 முதல் 1973 வரை வேலூர் நகரிலும் கே.வி.குப்பம் கிராமங்களிலும் பிறந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் பதிந்தார்கள். 26 வயதுக்கு மேல் ஆனபின் அவர்களில் 2,218 பேரைத் தேடிப் பிடித்து நீரிழிவுக்குச் சோதித்தார்கள். அன்று தராசில் நிறுக்கப்பட்ட அந்தக் குழந்தைகள் இன்று ஐம்பது வயதைத் தாண்டிவிட்டார்கள்.