தேயிலைக்கு ஆராய்ச்சி, தொழிலாளிக்கு எச்சரிக்கை மட்டுமா?

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், ஹல்துமுல்லைப் பிரதேசத்துக் கொஸ்லந்தைக்கு அருகே, மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணுக்குள் மறைந்தன. பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பிழைத்தார்கள். வீட்டிலிருந்த பெற்றோர் பலர் பிழைக்கவில்லை. முதலில் நூற்றுக்கணக்கானோரைக் காணவில்லை என்றார்கள். பின்னர் அத்தொகை நாற்பதுக்கும் குறைவு என்றார்கள். கொழுந்தின் நிறையை ஒரு கிலோவும் பிசகாமல் ஏட்டில் ஏற்றும் தோட்டத்தில், எத்தனை உயிர்கள் குடியிருந்தன என்ற கணக்கு மட்டும் பல நாட்கள் தடுமாறிற்று.

அந்தத் துயரத்தின் ஈரம் காயுமுன்னரே ஆட்சியாளர் தரப்பிலிருந்து ஒரு விளக்கம் வந்தது. இம்மலை ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்தாயிற்று; மக்கள்தாம் எழுந்து போகவில்லை என்பதே அவ்விளக்கம். எச்சரித்தது உண்மையே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் அம்மலையைப் பார்த்துத் தம் கருத்தைச் சொல்லியிருந்தனர். ஆயின் மக்கள் எழுந்து எங்கே போவது என்ற கேள்விக்கு அந்த எச்சரிக்கையில் விடை இருந்ததா?

சட்டத்தில் அறிவித்தல் என்பதற்கு ஒரு பொருள் உண்டு. செய்தியை ஒருவன் செவியில் போட்டுவிட்டால் மட்டும் கடமை தீர்ந்துவிடாது. அச்செய்திப்படி நடக்க அவனுக்கு இயலவும் வேண்டும். தோட்டத் தொழிலாளி குடியிருக்கும் லயன் அவனுக்குச் சொந்தமன்று. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பின் தோட்டக் காணியின் உரிமை அரசுக்குப் போயிற்று. 1992இன் பின் அதன் முகாமைத்துவமும் நீண்டகாலக் குத்தகையும் கம்பனிகளின் கைக்குச் சென்றன. காணிக்காரன் அரசு, குத்தகைக்காரன் கம்பனி, இருவருக்கும் நடுவே, வேலை இருக்கும் வரையில் கூரை உண்டு என்ற நிலையில் நிற்பவன் தொழிலாளி. அயலில் ஒரு துண்டு நிலத்தை அளந்து தன் விருப்பப்படி குடிசை கட்டிக்கொள்ள அவனுக்கு அதிகாரம் ஏது? இடம் பெயர்த்துத் தரும் ஆற்றலுள்ள இருவரும் வாளாவிருக்க, இடம் பெயர முடியாத ஒருவனைப் பார்த்து, சொன்னோமே கேட்டாயா என்பது எந்த நீதியில் அடங்கும்?

மலை ஏன் சரிகின்றது என்பது அறிவியலுக்குப் புதிரன்று. ஊவாவின் தெற்குச் சரிவுகளில் பல இடங்களில் பாறைமேல் கிடப்பது, பண்டைக்காலத்தில் சரிந்து வந்து தங்கிய தளர்ந்த மண்ணும் கல்லுமேயாகும். மண்துகள்கள் ஒன்றையொன்று உரசிப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் சரிவு நிற்கின்றது. மழைநீர் இறங்கித் துகள்களுக்கிடையே நிறையும்போது, அந்நீரின் அழுத்தம் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளுகின்றது. பிடி தளர்கின்றது, மலை நடக்கின்றது. 1920களில் கார்ல் டெர்ஸாகி என்ற ஒஸ்ரியப் பொறியியலாளர் வகுத்துத் தந்த உண்மை இது. ஒரு ஏக்கர் நிலத்தின்மேல் 150 மில்லிமீற்றர் மழை பெய்தால் அங்கே விழும் நீர் ஏறத்தாழ ஆறு இலட்சம் லீற்றர். அதன் நிறை 600 தொன். கான்கள் துப்புரவாக இருந்தால் அதிற் பெரும்பகுதி ஓடிவிடும். தூர்ந்து கிடந்தால் உள்ளே இறங்கும். கான் வெட்டும் ஆட்களைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்தும் நிர்வாகங்கள் இக்கணக்கையும் தம் ஐந்தொகையில் சேர்த்துக்கொள்ளட்டும்.

இந்நாட்டில் அறிஞர் இல்லை என்றோ, அவர்கள் சோம்பியிருந்தார்கள் என்றோ எவரும் சொல்ல முடியாது. 1984இல் அமைந்த தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், 1990இல் மண்சரிவு அபாய வரைபடத்தைத் தீட்டத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் இரண்டு. ஒன்று நுவரெலியா, மற்றது நமது பதுளை. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை கண்டால் விழித்திரு, 100 கண்டால் ஆயத்தமாகு, 150 கண்டால் வெளியேறு என்ற எல்லைகளையும் அந்நிறுவனமே வகுத்துள்ளது. அந்த வரைபடமும் எல்லைகளும் கொழும்பிலும் மாவட்டச் செயலகத்திலும் இருக்கின்றன. பூனாகலையிலும் கொஸ்லந்தையிலும் பிரட்டுக்களத்தில் வந்து நிற்கும் பெண்ணுக்குத் தன் லயன் எந்த நிறத்திற்குள் விழுகின்றது என்று தெரியுமா?

இங்கே ஓர் ஒப்பீடு செய்யாதிருக்க முடியவில்லை. 1925ஆம் ஆண்டிலேயே ஒரு தனிச் சட்டத்தின்மூலம் தேயிலைச் செடிக்கென்று ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. தலவாக்கலையில் அதன் தலைமையகம். பசறையில் ஊவாவுக்கென ஒரு கிளை. ஏற்றுமதியாகும் தேயிலைமீது விதித்த வரி அதற்கு உயிர்கொடுத்தது. அவ்வரியைக் கட்டியவன் ஏற்றுமதியாளன். அத்தேயிலையைப் பறித்தவள் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டு, தான் துளைத்த குழிக்குள் பூஞ்சணத்தைப் பயிரிட்டு அதைத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றது என்பதை அந்த அறிஞர்கள் நுணுகி நுணுகி ஆராய்ந்தார்கள். இலையைச் சுருட்டும் புழு தோட்டங்களை வாட்டியபோது, அப்புழுவைக் கொல்லும் சிறு குளவியொன்றை 1930களில் ஜாவாவிலிருந்து கொணர்ந்து பெருக்கி மலையெங்கும் விட்டார்கள். ஒரு பூச்சியின் நடத்தையை அறிந்து, அதை வேறொரு பூச்சிக்கு எதிராக நிறுத்திய அந்த வெற்றி உலகம் மெச்சத்தக்கதே. நாமும் மெச்சுகின்றோம். அத்தகைய அக்கறையில் நூறில் ஒரு பங்கு அச்செடிக்குப் பக்கத்தில் இருந்த லயனின் அடிநிலத்திற்குக் கிடைத்திருந்தால் போதும் என்பதே நம் ஆதங்கம்.

சரியும் மலையை நிறுத்தவே முடியாது என்பாரும் உளர். வட்டவளையை அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். 1992இல் அங்கே நிலம் நகர்ந்து பதுளைப் புகையிரதப் பாதையைச் சிதைத்தது. பாதை நாட்டுக்கு வேண்டும். ஆகவே பொறியியலாளர் வந்தனர். மலைக்குள் துளையிட்டுக் குழாய் செலுத்தி, உள்ளே தேங்கிய நீரை வெளியே வடித்தனர். நகர்வு அடங்கிற்று. பின்னர், ஜப்பானிய அரசின் கடனுதவியோடு 2013இல் தொடங்கிய திட்டத்தில் மலைநாட்டுத் தேசிய வீதிகளின் சரிவுகளுக்கும் இதுபோன்ற காப்புகள் கிடைத்தன. தண்டவாளத்துக்கும் தார்வீதிக்கும் கிட்டிய பொறியியல் லயனுக்கு எட்டவில்லை. எல்லாச் சரிவையும் குழாய் போட்டுத் தடுக்க இயலாது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அவ்விடங்களில் மக்களை மாற்றுவதே வழி. அப்போதும் காணி அரசினுடையது என்ற இடத்துக்கே நாம் திரும்பி வருகின்றோம்.

பொறியியல் மலையின் உள்ளியல்பை அறியாது புகுந்தால் என்ன ஆகும் என்பதையும் ஊவா கண்டிருக்கின்றது. உமா ஓயாத் திட்டத்துக்காகப் பண்டாரவளைப் பக்கத்தில் சுரங்கம் அகழ்ந்தபோது, 2014 இறுதியிலிருந்து நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. மேலே கிணறுகள் வற்றின. ஆயிரக்கணக்கான வீடுகள் வெடித்தன. 2024 ஏப்ரலில் அத்திட்டம் கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்டது. கிணறு வற்றிய கமக்காரனிடம் திறப்புவிழாவின் சிறப்பைச் சொல்லிப் பயனில்லை.

இனி, நம்மவரிடையே வழங்கும் ஒரு நம்பிக்கையையும் தொட்டுச் செல்லவேண்டும். ஆபத்து வருமுன் விலங்குகளுக்குத் தெரியும். நாய் ஊளையிடும், மாடு கயிற்றை அறுக்கும் என்பர். 2004 ஆழிப்பேரலையின்போது யாலையில் யானைகள் முன்னரே அறிந்து மேட்டுக்கு ஓடின என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. கழுத்தில் செய்மதிப் பட்டி பூட்டப்பட்டிருந்த யானைகளின் நடமாட்டத்தை அறிஞர்கள் ஆராய்ந்து 2006இல் வெளியிட்டபோது, அவை முன்கூட்டி ஓடியதற்குச் சான்றே கிடைக்கவில்லை. இத்தாலியில் ஒரு பண்ணையின் மாடு, நாய், ஆடுகளுக்குக் கருவி பூட்டி 2016, 2017 ஆண்டுகளில் நடத்திய ஆய்வு, நிலநடுக்கத்துக்குச் சில மணிநேரம் முன்னர் அவற்றின் அமைதியின்மை கூடியதென்று 2020இல் கூறிற்று. அவ்வாய்வு இன்னும் விரிய வேண்டும் என்பது மற்ற அறிஞர் கருத்து. அது வளரட்டும். அதுவரையில் நாயின் ஊளையை நம்பி உறங்குவது தகாது.

நம்பத்தக்க குறிகள் வேறு உண்டு. சுவரில் புதிய வெடிப்பு, நேற்றுவரை மூடிய கதவு இன்று இறுகுதல், மரம் சாய்தல், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல், தெளிந்த ஓடை திடீரெனக் கலங்குதல். இவற்றை முதலிற் காண்பவர் நிபுணரல்லர். மலையிலே நாள்தோறும் ஏறி இறங்கும் தொழிலாளர்களே. ஆதலால் அவர்களை வெறும் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் எழுதிவைப்பதை விட்டு, இவ்வாராய்ச்சியின் பங்காளிகளாக ஏற்க வேண்டும். நேர்ச் சுவருடைய ஒரு கண்ணாடிப் பாத்திரமும் ஓர் அடிமட்டமும் இருந்தால் மழையை அளக்கலாம். ஒவ்வொரு தோட்டப் பாடசாலையிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் காலைதோறும் மழையளவை எழுதிவைப்பது பெரிய காரியமா? அவ்வெண்ணைப் பிரட்டில் தமிழில் வாசித்தால், 150 என்ற எண்ணின் பொருள் எல்லார்க்கும் விளங்கும். பௌதிகமும் கணிதமும் தோட்டத்துப் பிள்ளைக்கு ஏட்டிலிருந்து வாழ்வுக்கு இறங்கிவரும் வழியும் அதுவே. ஆனால் கற்பிக்க விஞ்ஞான ஆசிரியர் வேண்டும். 1945இல் பிறந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்ற 1970கள் வரையில் அவற்றுக்கு முழுமையாக வந்துசேரவில்லை. அந்த முப்பதாண்டுப் பின்னடைவை விஞ்ஞானப் பாடத்தில் இன்னும் காண்கின்றோம். பதுளையில் 2005 முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதன் வாசலுக்கும் லயன் வாசலுக்கும் உள்ள தூரத்தை மைல்கணக்கில் அளந்தால் குறைவுதான்.

எமது கமக்கார வாசகர்களுக்கும் ஒரு சொல். வெலிமடை, பண்டாரவளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே வரம்பிடாமல் மேலிருந்து கீழே பாத்தி பிடிப்பது சிலர்க்கு வழக்கமாகிவிட்டது. வேலை எளிது, நீர் விரைவில் வடியும். வடிந்த நீர் கீழேயுள்ளவன் வீட்டுக்குமேல் போய்த் தேங்குகின்றது. கம்பனியைக் கேட்கும் கேள்வியை நம் வரப்பிலும் நின்று கேட்க வேண்டாமா?

மீரியபெத்தையில் உயிர் தப்பியோர் தற்காலிக முகாமில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் கிடந்த பின்னரே, 2016இல் மக்கல்தெனியத் தோட்டத்தில் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மீண்டும் லயன்கள் சரிந்தன. அன்று உயிரிழப்பு நேராதது நம் நற்பேறு. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாப் புயலில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடுமையாக அடிபட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. அப்போதும் எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தன என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. 1987 முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. உயிர்காக்கும் செய்தியிலேயே அதற்கு இரண்டாமிடம் என்றால், வேறெந்தப் பத்திரத்தில் முதலிடம் கிடைத்து என்ன?

அரசிடம் நாம் கேட்பது இதுவே. சிவப்பெல்லைக்குள் விழும் ஒவ்வொரு தோட்டப் பிரிவின் பெயரையும் தமிழில் வெளியிட்டு, அங்குள்ள குடும்பங்களுக்கு உறுதியோடு காணி அளந்து கொடுக்கும் திகதியையும் அத்துடன் அறிவிக்க வேண்டும். காணி இல்லையென்ற பேச்சு எடுபடாது; தரிசாகக் கைவிடப்பட்ட தேயிலை மலைகள் ஊவாவில் உண்டு. அவற்றுள் உறுதியான நிலம் எது என்பதைக் குறித்துக் காட்ட அதே ஆராய்ச்சி நிறுவனத்தால் முடியும்.

அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் எந்தப் பிரசைக்கும் உரியது. தன் பிரிவின் அபாய வரைபடத்தையும், அதைப்பற்றிய அறிக்கைகளையும், அவை எந்தத் திகதியில் எந்த அதிகாரிக்கு, எந்தக் கம்பனிக்கு அனுப்பப்பட்டன என்பதையும் தொழிலாளி கேட்கலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அதை எழுத்திலிடுவது தகவல் அதிகாரியின் கடமை. 14 வேலைநாட்களுக்குள் அவர் முடிவு சொல்லவேண்டும். ஹல்துமுல்லை, அப்புத்தளை, பசறைப் பகுதிகளின் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் இம்மாதமே தம் அயலிலுள்ள ஒரு தோட்டப் பிரிவுக்கேனும் அவ்விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும். பிரிவின் பெயரையும் லயனின் இலக்கத்தையும் அதில் தவறாமல் குறிக்க வேண்டும்.