தொலைநகலும் ஒரு பதிவேடும்

அயல்நாட்டு சர்வர்களில் இயங்கும் வாட்ஸ்அப் முதலியவற்றை அலுவல் தொடர்புக்குப் பயன்படுத்தக் கூடாதென்று 2017 ஜனவரியில் நாராயணசாமி அரசு புதுச்சேரியில் சுற்றறிக்கை விட்டது. துணைநிலை ஆளுநர் கிரண் பேடி அது செல்லாது என்றார். யாருக்கு அதிகாரம் என்பதோடு பேச்சு முடிந்துபோயிற்று. சர்வர் அயலாருடையதென்றால் சொந்தமாக ஒன்றை வைத்துக்கொள்வதுதானே?

தொலைநகல் சர்வர் என்றால் நண்பர்கள் சிரிக்கலாம். பழைய கணினி ஒன்று, ஃபேக்ஸ் மோடம், தொலைபேசி இணைப்பு, ஹைலாஃபேக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள், தேவை இவ்வளவே. வரும் கடிதம் படமாகச் சேமிக்கப்பட்டு, அலுவலக வலையமைப்பு வழியே உரிய மேசைக்குப் போகும். படமாகையால் தமிழுக்கு எழுத்துருத் தொல்லை இல்லை (நாம் பட்டது போதாதா!). வந்த நேரம், பக்கங்கள், இடையில் அறுந்ததா என்பது வரை பதிவேட்டில் ஏறும். தாள் தீர்ந்தாலும், ஆளே இல்லாவிட்டாலும் வாங்கி வைக்கும்.

ஆளில்லை என்பது எவ்வளவு பெரிய காரணம் என்பதை 2018 நவம்பர் 21 அன்று பார்த்தோம். ஜம்மு காஷ்மீரில் ஆட்சியமைக்க உரிமை கோரிய மெகபூபா முஃப்தியின் கடிதம் ராஜ்பவன் தொலைநகலில் ஏறவில்லை. அன்றே சட்டப்பேரவை கலைக்கப்பட்டது. ஈத் விடுமுறை, இயந்திரத்தருகே ஆளில்லை என்றார் ஆளுநர் சத்யபால் மாலிக். கிடைத்திருந்தாலும் தம் முடிவு மாறியிராது என்றும் சொன்னார். மாறாமலே போகட்டும். கடிதம் எத்தனை மணிக்கு வந்தது என்று ஒரு வரியாவது மிஞ்சியிருக்குமே!