முன்னால் நடப்பவர் யார்?

போடிநாயக்கனூருக்கு மேலே, குரங்கணி மலையில் 2018 மார்ச் 11ஆம் தேதி பரவிய காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் மலையேற வந்து, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அனுமதி பெறாத பாதையில் போனார்கள் என்று அரசுத் தரப்பு சொன்னது. உடனே மலையேற்றத்துக்குத் தடை வந்தது, விசாரணை நடந்தது, அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளும் வந்தன. விதிகளில் என்ன எழுதியிருக்கிறது என்பது யாருக்கும் நினைவில்லை. மக்கள் மனத்தில் தங்கியது ஒன்றே ஒன்று: காடு ஆபத்தானது, வாசலைப் பூட்டிவிடுவதே நல்லது. இன்றும் ஓர் அருவியில் ஒருவர் வழுக்கி விழுந்தால் நிர்வாகத்தின் முதல் வேலை தடை போடுவதுதான். குரங்கணி சொன்ன பாடம் வேறு என்பது என் கட்சி. காட்டுக்குள் யார் போகிறார்கள் என்பதைவிட, அவர்களுக்கு முன்னால் நடப்பவர் யார் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

அந்த மலையில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில மாதம் ஆகிவிட்ட பிறகு மார்ச்சில் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்சரிவுகள் முழுக்கச் சருகாகிக் கிடக்கும். தீ சரிவில் மேல்நோக்கிப் போகும்போது, எழும் அனல் மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. அதனால் சமதரையில் போவதைக் காட்டிலும் பல மடங்கு வேகமாக அது ஏறும். மலைக்குப் புதியவர் புகையைக் கண்டதும் மேட்டைப் பார்த்து ஓடுவார், அல்லது ஒளிந்துகொள்ளலாம் என்று பள்ளத்தில் இறங்குவார். இரண்டுமே சாவுக்கு வழி; ஒடுங்கிய பள்ளம் அனலையும் புகையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏற்கெனவே எரிந்து கருகிய இடத்துக்குள் புகுந்துவிடுவது, புல் இல்லாத பாறைமேட்டில் ஒதுங்குவது என்று தப்பிக்கும் வழிகள் உண்டு. அவற்றைப் பயத்தில் ஓடும்போது யாரும் கண்டுபிடிக்க முடியாது, முன்னமே தெரிந்திருக்க வேண்டும். அந்த மலைகளில் தலைமுறையாக வாழும் முதுவர் பழங்குடியினருக்கு அது தெரியும். அதைவிட முக்கியமாக, மார்ச் மாதத்தில் அந்தச் சரிவில் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்பதும் தெரியும். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தது உண்மைதான். ஆனால் தீக்காயம் பட்டவர்களிடம் முதலில் போய்ச் சேர்ந்து, தூக்கிச் சுமந்து இறக்கியவர்களில் அந்த மலையூர்க்காரர்களும் இருந்தார்கள். விபத்துக்குப் பிறகு தேவைப்பட்ட அந்த ஆட்கள், விபத்துக்கு முன்னால் வரிசையின் தலையில் இருந்திருந்தால் என்ற கேள்வியைத்தான் நாம் கேட்கவே இல்லை.

பூட்டினால் பாதுகாப்பு வந்துவிடும் என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். காட்டுக்குச் சுவர் கிடையாது. சோதனைச்சாவடியை மூடினால் ஒழுங்காக அனுமதி கேட்டு வருபவர் திரும்பிப் போவார். கேட்காமல் போகிறவர் தோட்டத்துப் பாதையில் நுழைந்து, பெயர் தெரியாத ஓர் அருவியில் நின்று ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருப்பார். அவர் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது என்பதுதான் அவருக்குப் பெரிய ஆபத்து. அருவி, காட்டாறு விஷயத்தில் இது இன்னும் கொடியது. மேல்மலையில் பெய்யும் மழை கீழே வெயிலடிக்கும்போதே வந்து சேரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது என்று சில நிமிட அவகாசத்துக்கான அறிகுறிகள் உண்டு; அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்க வேண்டும். 2015 மே மாதம் சதுரகிரியில் காட்டாற்று வெள்ளம் பக்தர்கள் பலரை அடித்துப் போனது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வெள்ளம் பாய்ந்து பள்ளிச் சிறுவன் ஒருவன் இறந்தான். அது யாரும் போகாத காட்டருவியும் அல்ல, சாலை போட்டு, படி கட்டி, கூட்டம் குளிக்கும் இடம்.

தடை என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருந்துவதும் இல்லை. கோவை வெள்ளியங்கிரியின் ஏழு மலைகள் பிப்ரவரியிலிருந்து மே வரைதான் பக்தர்களுக்குத் திறக்கின்றன. அதாவது சரியாகக் கோடையில், தீ பிடிக்கும் பருவத்தில். 2024 பருவத்தில் அங்கே ஏறியவர்களில் சிலர் மூச்சுத்திணறலிலும் மாரடைப்பிலும் இறந்தார்கள். அந்த யாத்திரையை நிறுத்தச் சொல்லும் துணிவு எந்த அரசுக்கும் இல்லை. இருக்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பக்தி மலையேறலாம், பொழுதுபோக்கு ஏறக் கூடாது என்று தீ பிரித்துப் பார்ப்பதில்லை என்பது மட்டும்தான் என் வாதம். நிறுத்த முடியாத கூட்டம் எங்கே போகிறதோ அங்கேதான் வழிகாட்டியும் முதலுதவியும் அதிகம் வேண்டும். நம் நடைமுறையோ நேர் எதிர்.

இந்தப் பின்னணியில் 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் சரியான திசையில் வைத்த அடி. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, இணையத்தில் முன்பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியுடன்தான் போக முடியும். வழிகாட்டிகள் பெரும்பாலும் பழங்குடி, வனவோரக் கிராமங்களின் இளைஞர்கள். திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகைகள்போல அரை நாள் நடையும் உண்டு, வெள்ளியங்கிரியும் உண்டு. குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் பட்டியலில் இருக்கிறது. அதே மலையை அரசே மறுபடி திறந்ததை நான் துணிச்சல் என்றே சொல்வேன். 2025இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை, காட்டுத்தீப் பருவம் என்று பாதைகளை மூடியும் வைத்தார்கள். காலம் பார்த்து மூடுவதும் நிரந்தரமாகப் பூட்டுவதும் வேறு வேறு.

மனிதர் போனால் விலங்குக்குத் தொந்தரவுதானே என்பது கனமான ஆட்சேபம். உண்மைதான், யானை வழித்தடங்களிலும் புலிகள் காப்பகங்களின் உள்வட்டத்திலும் எந்தப் பாதையும் வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தேக்கடிப் பக்கம் போய்ப் பார்க்கலாம். பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1990களின் பிற்பகுதியிலிருந்து, ஒரு காலத்தில் வேட்டையாடியும் காட்டுக் கருவாப்பட்டையை உரித்துக் கடத்தியும் பிழைத்தவர்களையே வழிகாட்டிகளாக்கினார்கள். காட்டின் ஒவ்வொரு திருட்டு வழியும் அவர்களுக்கு அத்துப்படி. பயணிகளை நடத்திக்கொண்டே அவர்கள் ரோந்தும் போனார்கள். கடத்தல்காரர்களைப் பிடித்தும் கொடுத்தார்கள். ஆள் நடமாட்டமே இல்லாத காடு விலங்குக்குப் பாதுகாப்பு என்பது பாதி உண்மை. சரியான ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் தவறான ஆள் நடமாடுவான்.

வழிகாட்டியோடு போவதில் என்ன சாகசம் என்று கேட்கிறவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. இமயம் ஏறியவர்களில் பலரே ஷெர்பாக்களோடுதான் ஏறினார்கள். கட்டணம் பற்றிய முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. ஒரு நாள் நடைக்கு ஆயிரக்கணக்கில் வாங்கினால், மலையடிவாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளைக்கே தன் மலை எட்டாமல் போகும். மாவட்டத்துக்கு ஓர் எளிய பாதையையாவது அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இலவசமாகத் திறக்க வேண்டும். அதற்காகக் கட்டணத்தை முற்றிலும் எடுத்துவிடு என்பதை ஏற்க முடியாது. அந்தப் பணம்தான் வழிகாட்டியின் கூலி.

என் கவலை அந்தக் கூலியில்தான். பதிவு வந்தால் வேலை, வராவிட்டால் இல்லை என்றால், அது ஒரு தொழிலாக நிற்காது. தீப்பருவத்தில் பாதையை மூடும்போது வழிகாட்டிகளின் வருமானமும் மூடிக்கொள்கிறது. நன்கு பயிற்சி பெற்ற இளைஞன் அந்த மாதங்களில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டால் திரும்பி வருவான் என்பதற்கு என்ன உறுதி? அதே மாதங்களில்தான் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், புகை கண்டால் சொல்லவும், வெள்ளியங்கிரியிலும் சதுரகிரியிலும் கூட்டத்துக்கு நடுவே நிற்கவும் ஆள் தேவைப்படுகிறது. இரண்டையும் இணைக்க ஓர் அரசாணை போதும். காட்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு ஆண்டின் பன்னிரண்டு மாதமும் சம்பளம் கொடுங்கள் என்பதே வனத்துறைக்கு வைக்கும் கோரிக்கை. மலையேறப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பதிவு செய்து போங்கள், வானத்தையோ ஆற்றையோ பார்த்து வழிகாட்டி திரும்பலாம் என்று சொன்னால், கொடுத்த பணத்தைக் கணக்குப் பார்க்காமல் திரும்பிவிடுங்கள்.